மாற்றுச் சிறுநீரகமும் மறுவாழ்வும்

(விருதுநகர் மாவட்டத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேசக் கூடும் கூட்டங்களிலே கண்மாய் மராமத்து, சாலை, விதை, உரம், பள்ளிக் கட்டடம் ஆகியவை பற்றியே பெரும்பாலும் பேச்சு நிகழ்வது வழக்கம். அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. சிறுநீரகம் பழுதுபட்டு, மாற்றுச் சிறுநீரகம் பெற்று, ஊர் திரும்பும் ஒருவருடைய பிற்கால வாழ்வு எப்படி அமைகிறது, எப்படி அமைய வேண்டும் என்பதே அப்பொருள்.

இது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, பஞ்சாயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மருத்துவமனை வாசம் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் பத்து ஆண்டுகளும் இருபது ஆண்டுகளும் ஊரிலேதான் கழிகின்றன. அவர் குடிக்கும் நீர் ஊர் நீர். செய்யும் வேலை ஊரில் கிடைக்கும் வேலை. உடன் வாழ்வோர் ஊரார். ஆகவே, டாக்டர் பொருத்திய சிறுநீரகத்தைக் காப்பாற்றித் தரும் பொறுப்பில் ஒரு பங்கு கிராமத்தைச் சேர்ந்ததாகும். இன்று நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து இது ஒன்றே.

சிறுநீரகத்தின் வேலை

நாட்டு வழக்கில் குண்டிக்காய் என்று கூறப்படும் சிறுநீரகங்கள் இரண்டும், முதுகுப்புறத்தில் விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, மூடிய கையளவில் அமைந்துள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை அவை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதை உடம்புக்கே திருப்பி, வேண்டாததை மட்டும் ஒன்று அல்லது இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும், இரத்தம் ஊறுவதற்குத் தூண்டுதல் தருவதும், எலும்பின் வலிமைக்குத் துணை நிற்பதும் இவற்றின் வேலைகளே.

இவை பழுதுபடுவதற்கு நம் நாட்டில் முதற் காரணங்களாக நிற்பவை நீரிழிவும் இரத்தக் கொதிப்பும். கல்லடைப்பு, அழற்சி நோய்கள், பிறவிக் குறைகள் முதலியனவும் காரணமாகும். டாக்டரைக் கேளாமல் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குவது ஒரு பெருங்கேடு. இவை தவிர, கடும் வெயிலில் போதிய நீர் அருந்தாமல் உழைக்கும் மக்களிடையே, வேறு காரணம் புலப்படாமலே சிறுநீரகம் பழுதுபடுவதை அறிஞர்கள் பல நாடுகளிலே கண்டிருக்கின்றனர். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரும், இலங்கையின் வடமத்திய மாகாண உழவரும், ஆந்திராவின் உத்தானம் பகுதி மக்களும் இந்நோயால் பெரிதும் துன்புற்றவர்கள். வெயிலில் உழைப்போரின் சிறுநீரகம் நலிவதைத் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ஆய்வுகளும் காட்டியுள்ளன. கரிசல் நிலமும் கடும் வெயிலும் உடைய நம் மாவட்டத்தார் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டு சிறுநீரகங்களும் முற்றிலும் ஓய்ந்துவிட்டால் இருவழிகளே உண்டு. ஒன்று, டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு. பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகில் படுத்திருக்க வேண்டும். போக வர ஆகும் நேரத்தையும், பின்னர் வரும் அயர்வையும் கூட்டினால் வாரத்தில் மூன்று நாள் அதற்கே போய்விடுகிறது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்திலே, நோயாளியும் துணைக்குச் செல்பவரும் ஆக இருவர் கூலி போகிறது. உண்ணும் காய்கனிக்கும் கட்டுப்பாடு, பருகும் நீருக்கும் அளவு. தாகத்தால் நா வறண்டாலும் ஒரு செம்பு நீர் குடிக்க இயலாத நிலை அது.

மற்றொரு வழி மாற்றுச் சிறுநீரகம். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து இரத்தக் குழாய்களோடு இணைக்கின்றனர். அது நன்கு இயங்கத் தொடங்கினால், மனிதர் மீண்டும் வயிறார உண்ணலாம். தாகம் தீரப் பருகலாம். நடக்கலாம், உழைக்கலாம், ஊர்ப்பயணம் போகலாம். வாழ்வின் தரம் உயர்கிறது என்று கூறுவதன் பொருள் இதுதான்.

போஸ்டன் முதல் அருப்புக்கோட்டை வரை

இச்சிகிச்சையின் வரலாறு சுவையானது. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே என்பவர், ரொனால்டு ஹெர்ரிக் என்னும் இளைஞரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து, அவருடைய உடன்பிறந்த இரட்டையர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். உலகில் முதன்முதலில் வெற்றி கண்ட சிறுநீரக மாற்று இதுவே. இருவரும் ஒரே உருவும் ஒரே இரத்த இயல்பும் உடைய இரட்டையர் ஆதலின், ரிச்சர்டின் உடம்பு அதனை அயற்பொருள் என்று தள்ளிவிடவில்லை. அவர் தமக்குப் பணிவிடை செய்த செவிலியரையே மணந்து, மக்களைப் பெற்று, எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தானம் செய்த ரொனால்டு ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை, 79 வயது மட்டும் வாழ்ந்தார். டாக்டர் மர்ரேக்கு 1990-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இச்சிகிச்சை வெற்றி பெற்றது.

நம் தமிழகம் முழுவதும் அறிந்த ஒருவருக்கும் இச்சிகிச்சை நடந்தது. 1977-ஆம் ஆண்டு அருப்புக்கோட்டைத் தொகுதியில் வெற்றி பெற்று முதலமைச்சரானவர் திரு. எம்.ஜி.ஆர். அவர்கள். 1984 அக்டோபரில் அவர் நோயுற்றார், சிறுநீரகங்கள் செயலிழந்தன, பக்கவாதமும் தாக்கியது. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனையில் அவ்வாண்டு டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதனை வழங்கியவர் அவருடைய அண்ணன் மகள் லீலாவதி அம்மையார். மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டித் தொகுதியில் வெற்றி பெற்ற எம்.ஜி.ஆர்., 1985 பிப்ரவரியில் தாயகம் திரும்பி மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்றார். அதற்கடுத்த மாதம், 1985 மார்ச் 15-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டதே நம் விருதுநகர் மாவட்டம். அந்நாளில் அதற்குக் காமராசர் மாவட்டம் என்று பெயர். மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவர் தலைமையேற்றிருந்த அரசாங்கத்தின் காலத்திலே பிறந்தது இம்மாவட்டம் என்பதை நாம் நினைவிற் கொள்ளலாம். 1987 டிசம்பர் 24-இல் மறையும் வரை, ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர் முதலமைச்சர் பொறுப்பை வகித்தார். தானம் செய்த அம்மையார் அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2021-இல் மறைந்தார்.

இச்செய்தியிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் மூலையில் முடங்க வேண்டியதில்லை. பெரும் பொறுப்புக்களையும் ஏற்கலாம். சிறுநீரகம் வழங்கியவரும் நெடுநாள் வாழலாம். ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வியும் எழுகிறது. முதலமைச்சருக்கு அருகிலேயே டாக்டர்கள் இருந்தார்கள், மருந்துக்குக் குறைவில்லை, நாட்கூலி போய்விடுமே என்ற கவலையும் இல்லை. சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்திலே பட்டாசுக்குத் திரி வைத்தும், தீப்பெட்டி ஒட்டியும், மானாவாரிக் காட்டிலே களை எடுத்தும் பிழைக்கும் ஒருவருக்கு அதே சிகிச்சை நடந்தால், அவருக்குத் துணை யார்?

மாத்திரையே உயிர்நாடி

இரட்டையரல்லாத எவரும் பெறும் சிறுநீரகத்தை உடம்பு அயற்பொருளாகவே கருதும். நம்மைத் தொற்று நோய்களிலிருந்து காக்கும் எதிர்ப்பாற்றலே அதனைத் தாக்கத் தொடங்கும். அவ்வெதிர்ப்பாற்றலை அடக்கி வைப்பதற்காகவே டாக்ரோலிமஸ், மைகோபீனோலேட், பிரெட்னிசோலோன் முதலிய மாத்திரைகள் தரப்படுகின்றன. சிறுநீரகம் இயங்கும் காலமெல்லாம் இவற்றை உண்ண வேண்டும். இவற்றில் முக்கியமானவற்றைக் காலையும் மாலையும், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், குறித்த நேரம் தவறாமல் உண்ண வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஓராண்டு சென்று உடம்பு தேறியதும், இனி எதற்கு மாத்திரை என்ற எண்ணம் வருகிறது. வேறு சிலர் பணமுடையினால் இரண்டு மாத்திரை உண்ண வேண்டிய இடத்தில் ஒன்று உண்கிறார்கள். நிறுத்திய அன்றைக்கே தீங்கு ஒன்றும் தெரியாது, வலியும் இராது. இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கும்போது டாக்டரிடம் ஓடினால், காலங்கடந்துவிட்டது என்று அவர் சொல்லக்கூடும். தாயோ தமக்கையோ தம் உடம்பை அறுத்துக் கொடுத்த உறுப்பு, சில நாள் மாத்திரை நின்றதனால் வீணாகிவிடுகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இவ்வறுவைச் சிகிச்சைக்கு உதவி கிடைக்கிறது. நமக்கு அருகில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இது நடைபெறுகிறது. ஆயினும் அதன் பின்னர் மாதந்தோறும் மருந்து வாங்கவும், இரத்தப் பரிசோதனைக்குச் செல்லவும், பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் ஆகின்றன. நோயாளியை நிலைகுலையச் செய்வது பெரும்பாலும் இந்தச் சிறு செலவே. அரசு மருத்துவமனையில் பதிவு செய்துகொண்டவர்கள், எந்த மருந்து அங்கேயே கிடைக்கும், எத்தனை நாளைக்குச் சேர்த்துத் தருவார்கள் என்பவற்றை முன்கூட்டியே கேட்டறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கையிருப்பு ஒரு வாரத்துக்குக் கீழே குறைய விடலாகாது.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். காய்ச்சல் என்றும் மூட்டுவலி என்றும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையையோ, பச்சிலை, பஸ்பம் முதலியவற்றையோ இவர்கள் உண்ணக் கூடாது. சில மருந்துகள் எதிர்ப்படக்கி மாத்திரையின் வலிமையைக் குறைத்துவிடும். சில அதனை நஞ்சாகுமளவு ஏற்றிவிடும். வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை நேராகவே கெடுக்கும். எந்த டாக்டரிடம் சென்றாலும், தாம் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

நீரும் தூசியும் மண்ணும்

எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டிருப்பதனால், மற்றவருக்குச் சாதாரணமாக வந்து போகும் தொற்று இவர்களுக்குக் கடுமையாகிவிடும். முதல் ஆறு மாதங்கள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய காலம். காய்ச்சி ஆறவைத்த நீரையே பருக வேண்டும். காய்ச்சாத பாலையும், ஈ மொய்த்த பண்டங்களையும், நெடுநேரம் திறந்து வைத்த உணவையும் விலக்க வேண்டும். இருமல் நீடிப்பவர்கள் அருகே நெருங்கியிருத்தல் ஆகாது. காசநோய் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. காய்ச்சல் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உழவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்தை விட்டுவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. டாக்டர் அனுமதித்த பின், வெயில் தாழ்ந்த வேளைகளில் இலகுவான வேலைகளைச் செய்யலாம். தொழுவம் கூட்டுவதும், குப்பைக் குழி கிளறுவதும், மக்கிய வைக்கோலை உதறுவதும், பூச்சிமருந்து தெளிப்பதும் இவர்களுக்கு ஏற்றவையல்ல. பூஞ்சக்காளான் நுண்துகள்கள் சுவாசத்தோடு உள்ளே சென்று தீங்கு செய்யும். மண்ணில் வேலை செய்யும்போது காலில் செருப்பும் கையில் உறையும் வேண்டும். இம்மருந்துகள் உண்பவர்களின் தோலை வெயில் எளிதிற் கெடுக்கும் ஆதலின், தலைக்குத் துண்டும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். நீர் அளவு குறையாமல் பருக வேண்டும். டயாலிசிஸ் காலத்தில் நீரைக் குறைத்துப் பழகியவர், இப்பொழுது டாக்டர் குறித்த அளவு பருகப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது.

இனிப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலுக்கு வருவோம். 1920-களின் தொடக்கத்தில் திரு. பி. அய்ய நாடார், திரு. ஏ. சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கியதும், பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் இவ்வட்டாரத்தில் ஓங்கி வளர்ந்ததும் நீங்கள் அறிந்தவையே. மழை பொய்க்கும் இக்கரிசல் பூமியில் இலட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுவது இத்தொழில்தான். ஆகவே, அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் மருந்து கலப்பதும், குழலில் மருந்து செலுத்துவதும், காய வைப்பதும் தூசியும் வெப்பமும் மிகுந்த வேலைகள். அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றின் தூசி மூச்சோடு உட்செல்கிறது. பேரியம் உப்புக்களைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஆணையிட்டது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் இத்தகைய கலவை வேலைக்குத் திரும்புதல் ஆகாது.

ஏற்ற வேலை வேண்டும்

அப்படியானால் அவர் என்ன செய்வார்? வீட்டில் சும்மா இருக்கட்டும் என்பது நல்ல விடையன்று. உழைத்துப் பழகிய ஒருவருக்குச் சும்மா இருப்பதே ஒரு நோயாகும். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் உடம்பு சீராக இருந்தால், ஏறத்தாழ மூன்று மாதத்திற்குப் பின் இலகுவான வேலைக்குப் பலர் திரும்புகின்றனர். பாரமான மூட்டை தூக்குவதை மட்டும் டாக்டர் சொல்லும் வரை தவிர்க்க வேண்டும்.

இவ்வட்டாரத்திலே இலகுவான வேலைக்குப் பஞ்சமில்லை என்பது நமக்கு வாய்த்த நற்பேறு. அச்சகங்களிலே நாட்காட்டித் தாள் அடுக்குதல், எண்ணுதல். ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதுதல், வருகைப் பதிவு செய்தல். சரக்குச் சீட்டு ஒட்டுதல். கடை கண்ணிகளில் விற்பனை செய்தல் ஆகியவை தூசியும் கடும் வெப்பமும் இல்லாத வேலைகள். இருபது ஆண்டுகள் மருந்து செலுத்திய கை, எழுத்து வேலைக்கு உதவாது என்று எண்ணிவிடலாகாது. சிறு பயிற்சி கொடுத்தால் போதும். கூலி சற்றுக் குறையலாம். ஆனால் மாதத்தில் ஒரு நாள் மருத்துவமனைக்குச் செல்ல விடுமுறையும், மாத்திரை உண்ணக் குறித்த நேரமும் கிடைத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும்.

ஆலை அதிபர்களிடம் இவ்வாறு எடுத்துச் சொல்லத் தனி மனிதர் தயங்குவார். ஊர்ப் பெரியவர்கள் இருவர் உடன் சென்று சொன்னால் காரியம் நடக்கும். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நோய்க்காலப் படியும், நீண்டகால நோய்களுக்குக் கூடுதல் படியும் உண்டு. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கெனத் தனி நல வாரியமும் இருக்கிறது. தம் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதை நோய் வந்த பின் தேடுவதைவிட, உடல் நலமாக உள்ளபோதே ஒவ்வொருவரும் பார்த்து வைத்துக்கொள்வது அறிவுடைமை. தீபாவளிக்குப் பின் ஆலைகள் சில காலம் மூடியிருக்கும்போது வருவாய் நின்றுபோகும். அக்காலத்தில் மருந்துக்குத் தட்டுப்பாடு வராமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மனமும் மனையும்

உடம்பைப் போலவே மனமும் தேற வேண்டும். பிறர் உறுப்பை உடம்பில் தாங்கியிருக்கிறோமே, எப்பொழுது நின்றுவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஸ்டிராய்டு மாத்திரையினால் முகம் உப்பிவிடுவதும், பசி மிகுவதும், சிலருக்குப் புதிதாக நீரிழிவு வருவதும் மனத்தை வாட்டும். இந்நிலையில், முகக்கவசம் அணிந்து விசேஷத்துக்கு வருபவரைப் பார்த்து, ஒட்டுவாரொட்டி நோயோ என்று ஒதுங்குவது பெருங்கொடுமை. அவரால் நமக்கு எதுவும் ஒட்டாது. நம்மால் அவருக்குத் தொற்று ஒட்டிவிடாமலிருக்கவே அவர் கவசம் அணிகிறார்.

மணவாழ்வும் மகப்பேறும் இவர்களுக்கு மறுக்கப்பட்டவையல்ல. சிறுநீரகம் நன்கு இயங்கும் பெண்கள், குறைந்தது ஓராண்டு கழித்து, டாக்டரின் ஆலோசனையோடு மாத்திரைகளை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு, குழந்தை பெற்றிருக்கிறார்கள். மாத்திரையை மாற்றாமல் கருவுற்றால் சிசுவுக்குத் தீங்கு நேரும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

பொருத்தப்பட்ட சிறுநீரகம் என்றென்றும் நிலைப்பதன்று. நன்கு பேணினால் பெரும்பாலும் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை உழைக்கும்; அதற்கு மேலும் உழைத்தவை உண்டு. ஓய்ந்துவிட்டால் மீண்டும் டயாலிசிஸ், அல்லது மறுமுறை மாற்று. இதனை மறைக்காமல் குடும்பத்தாருக்குக் கூற வேண்டும். அந்த ஆண்டுகளிலே ஒரு தகப்பனார் தம் மகளைப் படிக்க வைத்துவிடலாம். ஒரு தாயார் தம் மகனை ஆளாக்கிவிடலாம். அவ்வளவு அருமையான காலம் அது.

கொடுத்தவரை மறவாதீர்

சிறுநீரகத்தைப் பெற்றவரைக் கண்ணுங் கருத்துமாகக் காக்கும் குடும்பங்கள், கொடுத்தவரை மறந்துவிடுவதுண்டு. நம் நாட்டில் உயிருடன் உறுப்புத் தருவோரிற் பெரும்பாலோர் தாயாகவும் மனைவியாகவும் சகோதரியாகவும் உள்ள பெண்கள். பெறுவோரிற் பெரும்பாலோர் ஆண்கள். அறுவையான ஆறு வாரத்திற்குள் அந்தத் தாய் குடம் தூக்கப் போய்விடுகிறாள். ஆண்டுதோறும் அவளுக்கும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பட வேண்டும். அவளுடைய விருப்பம் முழுமையானதா, வீட்டாரின் வற்புறுத்தலா என்பதையும் மனச்சாட்சியோடு கேட்டுப் பார்க்க வேண்டும்.

உறுப்பை விலைக்கு விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றமாகும். கடன் தொல்லையில் உள்ளவர்களைத் தேடித் தரகர்கள் வருவதுண்டு. 2001-இல் சென்னையில், சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு நடத்திய ஆய்வொன்று என்ன கூறுகிறது? அவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றனர். கைக்குக் கிடைத்தது சராசரி 1,070 அமெரிக்க டாலர் அளவே. கடனுக்காக விற்றவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு ஆய்வு நடந்த காலத்திலும் கடன் தீரவில்லை. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நூற்றுக்கு 79 பேர், பிறர் எவரும் இதனைச் செய்ய வேண்டாம் என்றனர். சிறுநீரகத்தை விற்றவனுக்குக் கடனும் மீந்தது, நோவும் மீந்தது. தரகர் எவரேனும் ஊருக்குள் நடமாடினால், அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது பஞ்சாயத்தாரின் கடமை.

நேர்மையான மற்றொரு வழி, மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்களைக் குடும்பத்தார் மனமுவந்து தானம் செய்வது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்னும் சிறுவனின் உறுப்புக்களை, அவனுடைய பெற்றோராகிய திருக்கழுக்குன்றம் டாக்டர் அசோகனும் டாக்டர் புஷ்பாஞ்சலியும் தானம் செய்தது தமிழகத்தின் உள்ளத்தைத் தொட்டது. அதன்பின் இத்தானம் இம்மாநிலத்தில் வேரூன்றியது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் 268 பேரின் குடும்பத்தார் இவ்வாறு தானம் செய்தனர். தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. துயரத்தின் நடுவே ஒரு குடும்பம் எடுக்கும் அம்முடிவை, சடங்கு கெட்டுவிடும், உடல் குலைந்துவிடும் என்று கூறி ஊரார் தடுக்கலாகாது. உடலைத் தையலிட்டு, முழு மரியாதையோடு ஒப்படைக்கிறார்கள்.

பஞ்சாயத்துச் செய்யக் கூடியவை

இனிப் பஞ்சாயத்தார் செய்யக் கூடியவற்றைத் தொகுத்துக் கூறுகிறோம்.

முதலாவதாக, ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்வோர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், வழங்கியோர் யார் யார் என்பதைக் கிராமச் சுகாதாரச் செவிலியரோடு கலந்து, அவரவர் விருப்பத்தோடு அறிந்து வையுங்கள். இரகசியத்தைக் காப்பது முக்கியம்.

இரண்டாவதாக, குடிநீர்த் தொட்டியைக் காலந்தவறாமல் கழுவி, குளோரின் கலப்பதை உறுதி செய்யுங்கள். ஊரார் அனைவருக்கும் நன்மை தரும் இப்பணி, எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு உயிர் காக்கும் பணியாகும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று. அன்று இதனைப் பேசலாம்.

மூன்றாவதாக, மருந்து வாங்கப் போக இயலாத நாளில் அவருக்காகச் சென்று வர ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். ஒரே மருத்துவமனைக்குச் செல்வோர் பலர் இருந்தால் ஒரே நாளில் சேர்ந்து செல்லலாம்.

நான்காவதாக, ஏற்ற வேலை கிடைக்க ஆலையாரிடமும் அச்சகத்தாரிடமும் பேசுங்கள்.

ஐந்தாவதாக, இந்நோய் புதிதாக எவருக்கும் வராமல் தடுக்க முயலுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்துகள் வீடு தேடி வருகின்றன. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துக்கொள்ளத் தூண்டுங்கள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை, நோயைப் பல ஆண்டுகள் முன்னதாகவே காட்டிவிடும். வயல் வேலையிலும் ஆலை வேலையிலும் நிழலும் குடிநீரும் இடை ஓய்வும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அன்பர்களே! இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. மனம் வேண்டும், ஒழுங்கு வேண்டும். கண்மாய்க் கரை உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடுகிறோம். கரையைக் கட்டியதோடு நின்றுவிடாமல், மழைக்காலந்தோறும் காவலும் இருக்கிறோம். மாற்றுச் சிறுநீரகமும் அவ்வாறே ஒரு முறை பொருத்தி, நாள்தோறும் காவல் இருக்க வேண்டிய பொருள். முதலமைச்சராயிருந்த ஒருவருக்குப் பதவியால் கிடைத்த பாதுகாப்பு, நம் ஊர்த் தொழிலாளிக்கு ஊராரின் ஒற்றுமையால் கிடைக்கட்டும். அத்தகைய ஒற்றுமை நம் கிராமங்களில் ஓங்கி வளர வேண்டும்.